நடைவண்டி செய்வோம், வாங்க!



பேரவை மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நம்ம ஆளுங்க என்னென்ன தலைப்பில் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். 'இளைஞனே எழுந்து வா', 'வரதட்சணை ஒரு சாபம்', 'கம்ப்யூட்டர் யுகம்', நடுவில் நாலு காதல் கவிதை, கடைசிப் பக்கத்தில் கடி ஜோக்ஸ். நானும் அதையெல்லாம் ரசித்துப் படிக்கிறவன்தான். ஆனால் இந்த மலரில் ஒரு சின்ன சண்டை போடலாம் என்று வந்திருக்கிறேன். நாம் கடைசி செமஸ்டரில் செய்கிறோமே பிராஜெக்ட், அதைப் பற்றித்தான் சண்டை. அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நடப்பது என்றதும் நாட்டு நடப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு காலால் நடக்கிறோமே, அந்த நடப்பு!

எங்க அக்கா பையனுக்கு வயது நாலு. ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டான். பேச்சில் புலி. சூளகிரி சந்தையில் தக்காளி என்ன விலை என்று என்னையே கேட்பான். தமிழும் தெலுங்கும் கலந்து சண்டை போடுவான். ஆனால் நிற்க வைத்தால் கால் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். குதிகால் தரையில் படாது. முன்பாதத்தில் எக்கி நிற்பான், பிடி விட்டால் விழுந்துவிடுவான். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் செரிப்ரல் பால்சி. தமிழில் மூளை முடக்குவாதம். வளரும் பருவத்தில், அதாவது கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த கொஞ்ச நாளிலோ, மூளையின் ஒரு பகுதி அடிபட்டுவிடுகிறது. குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, தொற்று என்று காரணம் பல. அந்த அடி அதற்குமேல் பெரிதாவதில்லை. ஆனால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவு தாறுமாறாகப் போகிறது. சில தசைகள் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. உலகத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் கூடுதல்.

ஊரில் என்ன சொல்வாங்க? கிரகணத்தில் அம்மாக்காரி வெளியே வந்திருப்பா, குலதெய்வத்துக்குக் குறை வைத்திருப்பா, யாரோ செய்வினை வைச்சிட்டாங்க. எல்லாப் பழியும் கடைசியில் பெற்றவள் தலையில்தான் விழும். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று பக்கத்து மாநிலத்தில், கலபுரகி அருகே ஒரு கிராமத்தில், உடல் குறை உள்ள குழந்தைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்தார்கள். குணமாகும் என்று நம்பி! பத்திரிகையில் வந்தது, டி.வி.யில் காட்டினார்கள். அதைப் பார்த்து 'காட்டுமிராண்டிகள்' என்று திட்டியவர்கள் நிறைய பேர். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அந்தத் தாய்க்கு மண்ணைத் தவிர வேறு எதை, யார், எத்தனை கிலோமீட்டரில் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

சரி, வேறு என்னதான் கொடுக்க முடியும்? இங்கேதான் நண்பர்களே, நம்ம பாடம் உள்ளே வருகிறது.

ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு நடைச் சுழற்சி. அதில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றி இருக்கும், 40 சதவீத நேரம் காற்றில் வீசும். நாம் காலால் தரையை அழுத்துகிறோம், தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோமே! அந்தத் திருப்பித் தள்ளும் விசையின் கோடு முழங்காலுக்கு முன்னால் போனால் முழங்கால் நேராகும். பின்னால் போனால் மடங்கும். மொமெண்ட் என்பது விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். அவ்வளவுதான். முழங்கால் மடங்கிய நிலையிலேயே நடக்கும் குழந்தைக்கு அந்தக் கோடு எப்போதும் முழங்காலுக்குப் பின்னால்தான் விழுகிறது. கீழே விழாமல் இருக்கவே தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாடிப்படியில் பாதி உட்கார்ந்த நிலையில் நாள் முழுக்க நடந்து பாருங்கள், புரியும். அதனால்தான் இந்தப் பிள்ளைகளில் பலர் அதே தூரத்தை நடக்க சக வயதுப் பிள்ளையைப்போல இரண்டு மூன்று மடங்கு சக்தியைச் செலவழிக்கிறார்கள். "ரெண்டு எட்டு வச்சதுக்கே சோம்பேறி உட்கார்ந்துட்டான்" என்று எங்க பெரியப்பா சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ரெண்டு எட்டு அவனுக்கு ஆறு எட்டு ஐயா!

கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் பார்த்திருப்பீர்கள். ஏ.எஃப்.ஓ. என்பார்கள். ஷூவுக்குள் போடுவது. அதில் ஒரு வகைக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் ஒரு பட்டை இருக்கும். கணுக்கால் முன்னால் மடங்கிப் போகாமல் அது தடுக்கிறது. உடனே தரை தள்ளும் விசைக்கோடு முழங்காலுக்கு முன்னால் நகர்ந்து முழங்காலை நிமிர்த்துகிறது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ஒரு துண்டு பாலிபுரொப்பலீன்! முழங்கால் ஏற்கெனவே நிரந்தரமாக மடங்கி இறுகிப்போன பிள்ளைக்கு இது பலிக்காது, அது வேறு விஷயம். ஆனால் அப்ளைடு மெக்கானிக்ஸ் வகுப்பில் "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்போமே, அதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நடைப் பயிற்சி என்றால் என்ன என்று பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. குழந்தையைப் படுக்க வைத்து, எண்ணெய் போட்டுக் காலை நீவி, மடக்கி நீட்டிவிடுவதுதான் பயிற்சி என்று எங்க வீட்டிலும் நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 2013லும் மறுபடி 2020லும், எந்தச் சிகிச்சைக்குப் பலன் உண்டு, எதற்கு இல்லை என்று டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டினார்கள். குழந்தை சும்மா படுத்திருக்க, அடுத்தவர் கையால் இழுத்துவிடுவதற்கு அதில் பச்சை விழவில்லை. குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு வேலையை, அதே வேலையாகவே திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் பச்சை. நடக்கக் கற்க வேண்டுமா? நடந்துதான் கற்க வேண்டும். நாம் சைக்கிள் கற்றது எப்படி? பெடலைப் பற்றி யாரும் லெக்சர் எடுக்கவில்லையே.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப உறுத்தியது. கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நடை, நிற்றல், உட்காருதல் போன்ற திறன்களில் ஒரு குழந்தை எட்டக்கூடியதில் 90 சதவீதத்தை ஏறத்தாழ ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறதாம். பாதிப்பு கடுமையான பிள்ளைகள் அதற்கும் முன்பே, மூன்று வயதுக்குள்ளேயே, தங்கள் எல்லையை நெருங்கிவிடுகிறார்கள். ஐந்துக்குப் பிறகு பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எலும்பு வளர்கிற வேகத்துக்கு முறுக்கிய தசை வளராது, எனவே பெற்றதைக் காப்பாற்றவே பயிற்சி வேண்டும். ஆனால் முதல் ஐந்து வருடம் போனால் போனதுதான். நம்ம ஊரில் அந்த ஐந்து வருடம் எப்படிப் போகிறது? "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று சொல்லியே இரண்டு வருடம். கோயில், தாயத்து, நாட்டு மருந்து என்று ஒரு வருடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, தேதி வாங்கி, போய் வந்து இன்னொரு வருடம்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் நமக்குப் பெங்களூர்தான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். நிம்ஹான்ஸ் இருப்பதே அங்கே ஓசூர் ரோட்டில்தான். நரம்பியலில் நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். அதைக் குறை சொல்ல நான் யார்? கிழக்கே போனால் வேலூர் சி.எம்.சி. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1960களில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த இடம் அது. இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கிறோம் நாம். ஆனாலும் கணக்குப் போடுங்கள். எங்க அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறாள். மாமா ஷிப்ட். ஒரு நாள் பெங்களூர் போனால் இரண்டு பேரில் ஒருவருக்குச் சம்பளம் போச்சு. 2021லிருந்து நம்ம டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சந்தோஷம். அத்திப்பள்ளி தாண்டும் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. சில்க் போர்டு டிராஃபிக்கைக் கடந்து, வரிசையில் நின்று, அரை மணி நேரப் பயிற்சி. மாதம் ஒரு முறை! மாதத்துக்கு அரை மணி நேரத்தில் யாராவது எதையாவது கற்க முடியுமா? நாமே அரியர் பேப்பருக்கு அதைவிட அதிகமாகப் படிக்கிறோம்.

ஒரு தடவை ஓர் ஆஸ்பத்திரியில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அச்சடித்த தாளாகக் கொடுத்தனுப்பினார்கள். முழுக்க இங்கிலீஷ். எங்க அப்பா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் கல் அறுத்தவர். அம்மா பூத்தோட்டத்தில் ரோஜா பறிப்பவர். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ரேஷன் கார்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நான், டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து அந்தத் தாளைத் தமிழில் எழுதினேன். அக்காவின் மாமியாருக்குத் தெலுங்குதான் சரளம், அவருக்கு அதைத் தெலுங்கில் சொன்னது அக்கா. பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது அந்தப் பாட்டிதானே! வீட்டில் என்னைப் போல ஒருவன் இல்லாத குடும்பத்தில் அந்தத் தாள் பரணில்தான் கிடக்கும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று முதன்முதலில் தொடங்கப்பட்டதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். வீடு தேடி வரும் பிசியோதெரபியும் அதில் ஒரு பகுதி. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களிலும் பிசியோதெரபிஸ்ட், சிறப்புப் பயிற்றுநர் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. ஆனால் தளி மலைக் கிராமங்களையும் தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தையும் நினைத்துப் பாருங்கள். வருகிறவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். மீதி நாள் முழுக்கப் பயிற்சி கொடுக்க வேண்டியது வீடு. வீட்டில் பிடித்து நிற்க ஒரு கம்பி வேண்டாமா? தள்ளி நடக்க ஒரு வாக்கர் வேண்டாமா?

அந்த வாக்கருக்குத்தான் வருகிறேன். எங்க பையனுக்கு ஒரு முகாமில் வாக்கர் கொடுத்தார்கள். பெரியவர்கள் முன்னால் வைத்துத் தள்ளும் மாதிரி. கைப்பிடி அவன் நெஞ்சு உயரத்தில்! நாம் குழந்தையில் ஓட்டிய மர நடைவண்டியும் முன்னால் தள்ளுவதுதான். சாதாரணக் குழந்தைக்கு அது போதும். ஆனால் இந்தப் பிள்ளைகள் முன்னால் தள்ளும் வண்டியில் சாய்ந்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக்கொண்டே போகிறார்கள். அதனால் இவர்களில் பலருக்குப் பின்வாக்கர் கொடுக்கிறார்கள். சட்டம் குழந்தையின் முதுகுப் பக்கம் இருக்கும், முன்பக்கம் திறந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் பிடிக்கும். குழந்தை நிமிர்ந்து நிற்கும், எதிரில் இருப்பவர் முகம் பார்க்கும், ஒரு பொருளை எடுக்கக் கிட்டே போகவும் முடியும். சிக்கல் ஒன்று உண்டு. பின்னால் சாய்ந்தால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடும். அதற்குப் பின்சக்கரத்தில் ராட்சட்டும் பாலும் வைக்கிறார்கள். முன்னால் மட்டுமே சுழலும், பின்னால் சுழலாது. நாம் படத்தைப் போட்டு, பாகம் குறித்து, பத்து மார்க் வாங்கிய அதே ராட்சட்!

இப்போது சண்டைக்கு வருவோம். ஆறாவது செமஸ்டரில் நாம் என்ன செய்கிறோம்? ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, பிராஜெக்ட் சென்டருக்குப் போய், நியூமேட்டிக் ஜாக்கோ ஆட்டோமேட்டிக் பிரேக்கோ ரெடிமேடாக வாங்கி வந்து, பச்சை பெயின்ட் அடித்து, எக்ஸாமினர் முன்னால் வைக்கிறோம். வைவா முடிந்ததும் அது ஒர்க்‌ஷாப் மூலையில் துரு பிடிக்கிறது. முந்தின பேட்ச், அதற்கும் முந்தின பேட்ச் என்று அங்கே ஒரு கல்லறையே இருக்கிறது. போய்ப் பாருங்கள். 1980ல் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் டி.வி.எஸ். 50 மொபெட்டை நாட்டுக்குக் கொடுத்த ஊர் ஓசூர். லாரி செய்கிறோம், கைக்கடிகாரம் செய்கிறோம். ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு அளவான வாக்கர் செய்ய முடியாதா?

முக்கால் இன்ச் பைப், ஒரு பைப்புக்குள் இன்னொன்று நுழைகிற மாதிரி. இன்ச்சுக்கு ஒரு துளை, பின் போட்டு உயரம் கூட்டலாம், குறைக்கலாம். பிள்ளை வளரும், வண்டியும் கூடவே வளரும். கைப்பிடிக்குச் சைக்கிள் கடை ரப்பர். வெல்டிங் நம்ம ஷாப்பில். பாதிப் பொருள் காயலாங்கடையிலேயே கிடைக்கும். இரண்டு பைப்பை இணையாக நிறுத்தினால் நடுவில் நடந்து பழகும் கம்பி, அதாவது பேரலல் பார் ரெடி. எங்க வீட்டு வாசலில் மாமா சவுக்குக் கழியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பையன் அதில் காலையும் மாலையும் எட்டு வைக்கிறான். பயிற்சி என்று சொன்னால் வரமாட்டான். மறுமுனையில் கோழிக்குஞ்சை வைத்தால் வருவான்.

"இது டாக்டர் வேலை, நமக்கு எதுக்கு வம்பு?" என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி நியாயம். கைப்பிடியில் கை வைக்கும்போது முழங்கை 20, 30 டிகிரி மடங்க வேண்டும் என்பது மாதிரி அளவுகளையும், எந்தப் பிள்ளைக்கு எந்த வண்டி, யாருக்கு வண்டியே கூடாது என்பதையும் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். நாமாக அளவெடுத்துக் கொடுத்தால் உதவிக்குப் பதில் கெடுதல்தான் நடக்கும். கூர்முனை, மோசமான வெல்டிங், கவிழ்கிற அடிப்பாகம் எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் அவர் அளவு சொன்ன பிறகு பைப்பை அறுப்பது நம்ம வேலை. சக்கரம் உடைந்தால் மாற்றுவதும் நம்ம வேலை. முகாமில் கொடுத்த வண்டிகள் பல வீடுகளில் ஒரு போல்ட் இல்லாமல் மூலையில் கிடக்கின்றன. ஒரு போல்ட், நண்பர்களே!

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975ல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனவர், அந்தத் தேர்வின்போது விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். 1981ல் தன் சொந்தக் கிராமத்திலேயே சங்கத்தை ஆரம்பித்தார். 2020ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று அவர்களுடைய களப்பணியாளர்கள் கைபேசிச் செயலியோடு வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். நிபுணர் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார். பிள்ளை நகரத்துக்கு அலையவில்லை, பயிற்சி கிராமத்துக்கு வருகிறது. தாமிரபரணிப் பக்கம் முடிந்தது தென்பெண்ணைப் பக்கம் முடியாதா என்ன?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளையும் நடந்துவிடாது. 1997லிருந்து உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் கருவி இல்லாமலே நடப்பார்கள். மூன்றாம் நிலைக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும். எங்க பையன் இதில்தான். நாலு, ஐந்தில் சக்கர நாற்காலிதான் கால். 'எப்படியாவது நடக்க வைக்கிறேன்' என்று பணம் பறிக்கும் ஆட்களும் ஊரில் உண்டு, அவர்களிடம் ஜாக்கிரதை. நாற்காலியில் போகிற பிள்ளை தோற்றுப்போன பிள்ளை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஸ்கூலுக்குப் போனானா, நண்பர்களோடு விளையாடினானா என்றுதான் கேட்பேன். அந்தச் சட்டத்திலேயே அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று இருக்கிறது. அப்படி ஒருவன் நம் கல்லூரிக்கு வந்தால் மாடியில் இருக்கும் டிராயிங் ஹாலுக்கு எந்த வழியாகப் போவான்? சாய்தளம் எத்தனைக்கு எத்தனை சரிவில் போட வேண்டும் என்பது சிவில் நண்பர்களுக்குத் தெரியாதா? அவர்கள் பிராஜெக்ட்டுக்கு ஒரு தலைப்பு இலவசமாகக் கொடுத்துவிட்டேன்!

வரும் செமஸ்டரில் பேட்ச் பிரிக்கும்போது 'உயரம் மாற்றும் குழந்தைகள் பின்வாக்கர்' என்றுதான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆறு பேர் பேட்ச், இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். வட்டார வள மையத்து பிசியோதெரபிஸ்ட்டிடம் பேசியாயிற்று, அளவு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டிராயிங்கும் பாதி முடிந்தது. சின்ன சைஸ் ராட்சட் சக்கரத்துக்கு நைலான் ராடு மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை. சிப்காட்டில் யாருக்காவது அண்ணனோ மாமாவோ பிளாஸ்டிக் மெஷினிங் யூனிட்டில் இருந்தால், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு 'பி' செக்‌ஷனில் கடைசி பெஞ்சுக்கு வந்து சொல்லுங்கள்.